பெர்பெக்தாவின் மூன்றாவது கை

அத்தியாயம் 17

போன வியாழக்கிழமையிலிருந்து மாரிவிக்கும் அவள் தம்பி பெண்டாட்டி லீசலும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே கூடத்தில், ஒரே மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டு ஒரு வாரம் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. அதற்கு இரண்டு பக்கமும் சமமான வீம்பு வேண்டும். கடவுள் புண்ணியத்தில் இருவருக்கும் அது குறைவில்லாமல் இருந்தது.

மாரிவிக் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் சாய்ந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பவள், பதினெட்டு வருட சர்வீஸ். லீசல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். எழுந்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடவும், சோறு அள்ளித் தின்னவும், காய் நறுக்கவும் மறுபடி பழக்குபவள். வந்து நாலே வருடம்தான். "மனாங் நடக்க வைக்கறாங்க, நடந்து போய் என்ன செய்யறதுன்னு நான் சொல்லித் தரேன்" என்று அவள் ஒருமுறை நர்ஸிடம் சொல்லிவிட்டாள். அது மாரிவிக்கின் காதுக்கு வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூத்தவளை மனாங் என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே இப்படி ஊசி ஏற்றுவது பிலிப்பைன்ஸின் இலோய்லோ ஊர்ப் பெண்களுக்குக் கைவந்த கலை.

அந்தப் பிரிவில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தோள்பட்டை வலிக்காரர்கள் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு தரப்பும் மல்லுக்கு நின்ற காலத்தில், அப்போதைய தலைவர் வெறுத்துப்போய்த் தன் இடுப்பு பெல்ட்டைத் தொட்டுக் காட்டினாராம். "இதுக்கு மேல ஆக்குபேஷனல், கீழ பிசியோ. இனிமே என் ரூமுக்கு யாரும் வராதீங்க." அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பெல்ட் மட்டும் நின்றுவிட்டது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத சட்டம், ஆனால் மாரிவிக்குக்கு அது வேதம்.

அந்த பெல்ட்டில்தான் இப்போது அவளுடைய அம்மா மாட்டிக்கொண்டிருந்தாள்.

பெர்பெக்தாவுக்கு அறுபத்து மூன்று வயது. மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் பாட்சோய் என்னும் நூடுல்ஸ் சூப்புக் கடை. ஐந்து மாதத்துக்கு முன் எலும்பு சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தவள், கரண்டியோடு அப்படியே சரிந்தாள். இடது கை, இடது கால் இரண்டும் போயின. சொந்தக்காரர்களுக்குச் சொந்தக்காரர்களே சிகிச்சை செய்யக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் விதி இருக்கிறது. ஆனால் மற்ற பிசியோக்கள் எல்லோரும் டெக்சாஸுக்கும் லண்டனுக்கும் விமானம் ஏறிவிட்ட பிறகு, விதிக்கு ஆள் எங்கே போவது? காலை மகளும் கையை மருமகளும் எடுத்துக்கொண்டார்கள்.

போன வாரம் லீசல், தன் பயிற்சிச் சமையலறையில், மாமியாரைப் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாகப் பக்கவாட்டில் அடி எடுத்து வைக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். மாரிவிக் பார்த்துவிட்டாள். ஆறு நோயாளிகள் முன்னால், சின்னவளைக் கூப்பிடும் சொல்லால், "இண்டாய், காலெல்லாம் உன் பாடத்துல வராது. நீ கரண்டியைப் பாத்துக்கோ" என்றாள்.

லீசல் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அதோடு பேச்சு நின்றது.

இன்றைக்கு மறுபடியும் வியாழக்கிழமை. ஒன்பது மணிக்கு டாக்டர் லாசெர்னா கடைக்கே வருகிறார். "ஆஸ்பத்திரியில நடந்து காட்டினது போதும் தியா. உங்க கடையில, நீங்க எனக்குப் பரிமாறுங்க. யாரும் பிடிக்கக்கூடாது, நீங்க விழக்கூடாது, சுட்டுக்கக்கூடாது. சரியா வந்தா கடை நடத்தலாம்னு கையெழுத்துப் போடறேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். ஊரே அவளைத் தியா, அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடும்.

சரியாக வராவிட்டால்? அதைப் பெர்பெக்தாவே சொல்லிவிட்டாள். "கடைச் சாவியை உங்க மாமன் கிட்ட குடுத்துடுவேன். அவன் பொரிச்ச கோழி வித்துக்கட்டும். சும்மா ஸ்டூல்ல உக்காந்து மத்தவங்க என் சூப்பைக் கெடுக்கறதைப் பாக்க எனக்குப் பொறுமை இல்ல."

அம்மா சொன்னால் செய்வாள். அதனால்தான் காலை ஆறு மணிக்கே ஒத்திகைக்கு வந்திருந்தார்கள் மூவரும்.

*

கடை இன்னும் திறக்கவில்லை. உள்ளே வேலைக்காரி மெர்லி பூண்டு வறுத்துக்கொண்டிருந்தாள். பெரிய அண்டாவில் எலும்பு கொதித்தது.

மாரிவிக்கின் நோட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாலு கால் ஊன்றுகோலுடன் அறுபது மீட்டர், யார் உதவியும் இல்லாமல். லீசலின் நோட்டிலும் எல்லாம் சரி. இரண்டு கைகளாலும் கிண்ணத்தைப் பிடிக்கிறாள், சூப்பு ஊற்றுகிறாள், வெங்காயத்தாள் நறுக்குகிறாள்.

"சரிம்மா. அடுப்புலேர்ந்து மூணாவது மேசை. கிண்ணத்தை எடுத்துட்டு வாங்க" என்றாள் மாரிவிக்.

பெர்பெக்தா கிண்ணத்தில் நூடுல்ஸ் போட்டாள், ஈரல் வைத்தாள், சூப்பை ஊற்றினாள், பொரித்த பன்றித்தோலைத் தூவினாள். ஐந்து மாதம் கழித்தும் கை வரிசை மறக்கவில்லை. பிறகு கிண்ணத்தை இரண்டு கைகளாலும் தூக்கினாள். நின்றாள். ஊன்றுகோலைப் பார்த்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு வலது கையில் ஊன்றுகோலை எடுத்தாள். இடது கையால் கிண்ணத்தைத் தூக்கினாள்.

இரண்டாவது அடியில் கிண்ணம் சாய்ந்தது. மூன்றாவது அடியில் சூப்பு முழுக்கத் தரையில் இருந்தது.

நல்லவேளை, செருப்பில்தான் பட்டது. லீசல் ஓடிப் போய்க் காலைப் பார்த்தாள். மாரிவிக் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

பெர்பெக்தா தரையில் கிடந்த ஈரலைப் பார்த்தாள். பிறகு மகளை. பிறகு மருமகளை.

"ஒருத்தி கோலை விடாதேங்கறா. ஒருத்தி கிண்ணத்தை ரெண்டு கையால பிடிங்கறா. ரெண்டு பேரும் படிச்சவங்க. எனக்கு மூணாவது கை எங்கடி? அஞ்சு மாசத்துல ரெண்டு பேரும் சேர்ந்து அதை மட்டும் வாங்கித் தர மறந்துட்டீங்களே."

மெர்லி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாரிவிக்குக்கு முகம் சூடேறியது. அவமானம்தான், வேறென்ன. நடப்பதை அவள் பார்த்தாள். பிடிப்பதை லீசல் பார்த்தாள். பிடித்துக்கொண்டு நடப்பதை யாருமே பார்க்கவில்லை. அது பெல்ட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. பெல்ட்டு இருக்கும் இடத்திலேயே விழுந்து கிடந்தது.

அவமானம் வந்தால் மாரிவிக்குக்கு அடுத்து வருவது கோபம்.

"தூக்கறது உன் வேலை. உன் நோட்டுல இருக்கணும்" என்றாள். ஒரு வாரத்தில் லீசலிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை.

"உக்காந்து தூக்கறது என் வேலை. நிக்க வெச்சு, ஒரு அடி பக்கத்துல நகர்த்தினதுக்கே என்ன கேட்டீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு இருக்கா மனாங்?"

"அது ஆஸ்பத்திரி ஒழுங்கு."

"ஒழுங்கு தரையில கொட்டிக் கிடக்கு. துடைக்கணும். துடைக்கறது பெல்ட்டுக்கு மேலயா கீழயா? குனியணும் வேற."

"லீசல்."

"சும்மா கேட்டேன்."

"ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க" என்றாள் பெர்பெக்தா. "எனக்குக் கடை திறக்கணும். ஏழு மணிக்கு ஜீப்னி வண்டி டிரைவருங்க வந்துடுவாங்க. மெர்லி, அந்தக் கெட்டில் எங்க வெச்சே? வழியில கிடக்கு பாரு."

பேசிக்கொண்டே அவளே அதை எடுத்தாள். தேய்த்துக் கழுவி வைத்திருந்த பெரிய அலுமினியக் கெட்டில், பாதிக்குத் தண்ணீர் இருந்தது. சூப்பு தீர்ந்தவர்களுக்கு இரண்டாவது தடவை இனாமாக ஊற்றுவதற்காக எல்லாப் பாட்சோய் கடைகளிலும் இருப்பது. இடது கையில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு, வலது கையில் ஊன்றுகோலோடு, முணுமுணுத்தபடி சுவர் ஓர மேசைக்குப் போய் வைத்தாள்.

மாரிவிக் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை. கேட்டாள்.

பதினெட்டு வருடமாக அவள் நடையைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் அதிகம் கேட்டிருக்கிறாள். அம்மாவின் நடை அவளுக்கு மனப்பாடம். கோல், இழுபடும் இடது கால், அவசரமாக வந்து விழும் வலது கால். தடுக்கித் தடுக்கி ஓடும் சத்தம். இப்போது கேட்டது அதுவல்ல. கோல், இடது, வலது. கோல், இடது, வலது. ஒரே சீராக.

துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அம்மா. இன்னொரு தடவை."

"என்ன இன்னொரு தடவை?"

"கெட்டிலை எடுத்துட்டு அடுப்புக்குப் போங்க. அப்படியே திரும்பி வாங்க."

"உனக்கு என்னடி ஆச்சு? இப்பத்தான் கொட்டினேன்னு திட்டினே."

"திட்டல. நடங்க."

பெர்பெக்தா நடந்தாள். மாரிவிக் அம்மாவின் இடுப்பையே பார்த்தாள். ஒவ்வொரு முறை இடது காலில் நிற்கும்போதும் வலது பக்கமாகச் சரிந்து விழப் பார்க்கும் அந்த இடுப்பு, இப்போது நேராக நின்றது.

இரண்டாம் வருடப் படிப்பில் ஒரு படம் உண்டு. பலவீனமான கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கையில் பெட்டியைத் தூக்கினால் இடுப்புக்கு வேலை குறையும். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு பதினெட்டு வருடத்தில் ஒரு நோயாளியிடமும் அதைச் செய்து பார்த்ததில்லை. பெட்டி தூக்குவது கை சமாச்சாரம் அல்லவா, பெல்ட்டுக்கு மேலே அல்லவா? தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இப்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கான பதில் கடையில் ஒருத்தியிடம்தான் இருந்தது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டைச் சுழித்துக்கொண்டு, எதிரே நின்றாள்.

மாரிவிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"லீசல். அந்தக் கை பிடிக்குமா? மூணு மேசை தூரம்?"

கேட்டது யார் என்று சரிபார்ப்பவள் போல லீசல் நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வேலைக்காரி என்றும் பாராமல், மாமியார் என்றும் பாராமல், இருவரையும் ஒதுக்கிவிட்டுக் கெட்டிலின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிடிக்கும். நடக்க ஆரம்பிச்சா அந்தக் கை தானா இறுகிக்கும். மூணு மாசமா உங்க நோட்டுக்கு எழுதி அனுப்பறேன், படிச்சீங்களா தெரியல."

மாரிவிக் படிக்கவில்லை. கை விஷயம் என்று பக்கத்தைத் திருப்பியிருந்தாள். அதை ஒப்புக்கொண்டாள்.

"படிக்கல."

லீசல் இதை எதிர்பார்க்கவில்லை. கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன.

"பிடிக்கறது பிரச்சினை இல்ல மனாங். விடறதுதான். மேசைக்குப் போனதும் விரல் திறக்காது. இழுத்தா இன்னும் இறுகும். சூடு சூப்போட இழுபறி நடந்தா கதை முடிஞ்சுது."

"என்ன செய்யலாம்?"

"கெட்டிலை மேசையில உக்கார வெச்சுட்டு, கையை அதுமேலயே அமுக்கி, மணிக்கட்டை உள்பக்கமா மடக்கணும். விரல் தளரும். கோல் தானா நிக்குது, அதனால வலது கை சும்மா இருக்கும். அந்தக் கையால எடுத்து ஊத்தலாம். ஆனா அவங்க நின்னுக்கிட்டுச் செய்யணும். கோல் இல்லாம. நின்னா எவ்வளவு நேரம் தாங்குவாங்க, அது உங்களுக்குத்தான் தெரியும்."

"மேசையில இடது தொடை சாஞ்சா ஒரு நிமிஷம் தாங்குவாங்க."

"ஒரு நிமிஷம் வேண்டாம். அரை நிமிஷம் போதும்."

"நான் இங்கதான்டி நிக்கறேன்" என்றாள் பெர்பெக்தா. "ஆட்டுக்குட்டி விலை பேசற மாதிரி பேசறீங்க."

மணி ஆறே முக்கால். இரண்டேகால் மணி நேரம் இருந்தது.

அதற்குப் பிறகு அங்கே யாரும் யாருடைய பாகம் என்று கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை. லீசல் கைப்பிடியில் பழைய துண்டைக் கிழித்துத் தடிமனாகச் சுற்றினாள். மூடியைக் கம்பியால் கட்டினாள். மாரிவிக் கெட்டிலில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, எந்த எடையில் இடுப்பு நேராக நிற்கிறதோ அந்த இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினாள். பெர்பெக்தா நடந்தாள், வைத்தாள், மடக்கினாள், விட்டாள், ஊற்றினாள். முதல் தடவை விரல் திறக்கவில்லை. மூன்றாவது தடவை திறந்தது. ஐந்தாவது தடவையில் அவளே, "இப்ப ரெண்டு பேரும் வாயை மூடுங்க, எனக்கு வந்துடுச்சு" என்றாள்.

ஏழு மணிக்குக் கடை திறந்தது. ஒத்திகை வாடிக்கையாளர்கள் நடுவிலேயே தொடர்ந்தது. ஜீப்னி டிரைவர்கள் இருவர், தண்ணீர் நிரம்பிய கெட்டிலோடு தியா பெர்பெக்தா எட்டு தடவை தங்களைக் கடந்து போனதை ஒன்றும் புரியாமல் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

*

டாக்டர் லாசெர்னா ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார். ஒல்லியான பெண்மணி, ஐம்பது வயது, சிரிப்பதற்கு முன் யோசிப்பவர். மூன்றாவது மேசையில் உட்கார்ந்து கையில் இருந்த ஃபைலை மேசைமேல் வைத்தார். கடையில் அப்போது நல்ல கூட்டம்.

"தியா, ஒரு பாட்சோய்."

மெர்லி கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நூடுல்ஸ், ஈரல், வறுத்த பூண்டு, பொரித்த தோல். சூப்பு இல்லை.

டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தார். "கிண்ணத்தை நீங்க கொண்டு வர மாட்டீங்களா?"

"சூப்பு இல்லாத கிண்ணம் வெறும் கிண்ணம் டாக்டர்" என்றாள் பெர்பெக்தா அடுப்படியிலிருந்து. "இந்தக் கடையில இன்னையிலேர்ந்து சூப்பு மேசைக்கு வரும். என் கையால வரும். அதான் வழக்கம்."

"இன்னையிலேர்ந்து வழக்கமா?"

"எல்லா வழக்கமும் ஒரு நாள் ஆரம்பிச்சதுதானே."

டாக்டர் யோசித்தார். பிறகு கையைக் காட்டினார், வாருங்கள் என்று.

மாரிவிக் சுவர் ஓரமாக நின்றாள். லீசல் அடுப்பு ஓரமாக. இருவர் கைகளும் முதுகுக்குப் பின்னால்.

பெர்பெக்தா கெட்டிலில் கோடு வரை கொதிக்கும் சூப்பை எடுத்தாள். இடது கையில் மாட்டினாள். கோல், இடது, வலது. முதல் மேசை தாண்டியது. மாரிவிக் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சீராகத்தான் இருந்தது.

இரண்டாவது மேசையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உட்கார்ந்திருந்தார். பெர்பெக்தா அருகில் வரும்போது, மரியாதை என்று நினைத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். வழி அடைபட்டது. நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடம்தான்.

"அய்யய்யோ தியா, நான் பிடிக்கறேன், குடுங்க" என்று அவர் கையை நீட்டினார்.

"தொடாதீங்க." இரண்டு திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் ஒரே குரலாக வந்தது. வாத்தியார் பரீட்சையில் பிடிபட்ட பையன் போல விறைத்து நின்றார்.

பெர்பெக்தா நின்றாள். நேராகப் போக வழியில்லை. திரும்பவும் முடியாது. மாரிவிக் இந்த ஐந்து மாதத்தில் அம்மாவுக்கு நேராக நடக்கத்தான் கற்றுக்கொடுத்திருந்தாள். அகலமான கூடத்தில், வழவழப்பான தரையில், அறுபது மீட்டர் நேராக. கடையில் எங்கே இருக்கிறது அறுபது மீட்டர்?

பெர்பெக்தா சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பினாள். கோலைப் பக்கத்தில் வைத்தாள். வலது காலைப் பக்கவாட்டில் எடுத்து வைத்தாள். இடது காலை அதனோடு சேர்த்தாள். மறுபடி கோல், வலது, சேர்த்தல். கெட்டில் லேசாக ஆடியது, மூடி அசையவில்லை. நாலே அடியில் நாற்காலியைத் தாண்டி வெளியே வந்தாள்.

லீசலின் சமையலறையில், தொட்டி ஓரத்தில், பழகிக்கொண்டிருந்த அடி. மாரிவிக் ஆறு பேர் முன்னால் நிறுத்தி வைத்த அடி. தன்மேல் தனக்கே வெட்கமாக இருந்தது மாரிவிக்குக்கு. அந்தப் பக்கம் நின்ற லீசலைப் பார்க்கத் துணிவு வரவில்லை, அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது மேசை. கெட்டில் மேசையில் உட்கார்ந்தது. தொடை மேசையில் சாய்ந்தது. மணிக்கட்டு மடங்கியது.

விரல் திறக்கவில்லை.

கடையில் கரண்டிச் சத்தம்கூட நின்றது. பெர்பெக்தாவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஒரு நிமிடம்தான் தாங்குவாள். மாரிவிக் மனசுக்குள் எண்ணினாள். பத்து. பதினைந்து. கால் ஒரு அடி முன்னால் போகத் துடித்தது. எதிரே லீசல் மிக லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

மாரிவிக் நின்ற இடத்திலேயே நின்றாள். இன்னொருத்தியின் வார்த்தையை நம்பி, அம்மா தடுமாறும்போது சும்மா நிற்பது இதுவே முதல் தடவை.

பெர்பெக்தா பெருமூச்சு விட்டாள். தோளைத் தொங்கவிட்டாள். "ரொம்ப முறைச்சுப் பாக்காதீங்க டாக்டர், என் கைக்கு வெட்கம்" என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். பெர்பெக்தாவும் சிரித்தாள். சிரித்ததில் உடம்பு தளர, விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

வலது கை கெட்டிலை எடுத்தது. சூப்பு கிண்ணத்தில் விழுந்தது. நூடுல்ஸ் மேலே எழும்பி வந்தது. மேசையில் ஒரு சொட்டு இல்லை.

வாத்தியார்தான் முதலில் கை தட்டினார், செய்த குற்றத்துக்குப் பரிகாரமாக. அப்புறம் கடையே தட்டியது. மெர்லி கரண்டியால் அண்டாவைத் தட்டினாள். மாரிவிக் அழுதாள். மறைக்கவும் இல்லை. அம்மா ஜெயித்துவிட்டாள், அதற்கு அழாமல் வேறு எதற்கு அழுவது?

டாக்டர் நிதானமாகச் சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "தியா, கொஞ்சம் சூப்பு கிடைக்குமா?" என்றார்.

ஒரு தடவை தற்செயலாக வரலாம், இரண்டு தடவை வருமா என்று பார்க்கிறார். பெர்பெக்தாவுக்குப் புரிந்தது. அடுப்புக்குப் போனாள், வந்தாள், ஊற்றினாள். போகிற போக்கில் வாத்தியாருக்கும் ஊற்றிவிட்டு வந்தாள்.

டாக்டர் ஃபைலைத் திறந்தார். பேனாவை எடுத்தவர் நிறுத்தினார்.

"இதுல ரெண்டு கட்டம் இருக்கு. நடை, பிசியோ. கைவேலை, ஆக்குபேஷனல். நான் இப்பப் பாத்தது எந்தக் கட்டம்?"

மாரிவிக் வாயைத் திறந்தாள். பதினெட்டு வருடப் பழக்கம் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

"லீசலோடது டாக்டர். பக்கவாட்டுல எடுத்து வெச்ச அடி அவ சொல்லிக் கொடுத்தது. நான்தான் நிறுத்தினேன். அன்னைக்கு ஆறு பேர் முன்னால சொன்னேன், இன்னைக்கு இங்க ஒரு இருபது பேர் இருப்பாங்க. அவங்க முன்னாலயும் சொல்றேன். நான் செஞ்சது தப்பு."

இல்லை மனாங், உங்களோடதுதான் என்று லீசல் மறுப்பாள் என ஒரு மூலையில் ஆசை இருந்தது. மாரிவிக்கும் மனுஷிதானே.

"ஆமா, என்னோடதுதான்" என்றாள் லீசல். "எழுதிக்கோங்க டாக்டர். ஆனா கெட்டில் அவங்களோடது. அது எனக்குச் சாமி சத்தியமா தோணியிருக்காது." பிறகு வந்து நாத்தனாரின் பக்கத்தில், தோள் உரச, நின்றுகொண்டாள்.

டாக்டர் இரண்டு கட்டத்தையும் சேர்த்துக் குறுக்கே எழுதினார். கடை நடத்தலாம். கையெழுத்துப் போட்டார். பெர்பெக்தா அந்தத் தாளை வாங்கிப் படிக்கவில்லை. நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். சாவி ஏற்கனவே அங்கேதான் இருந்தது.

"அப்ப சரி டாக்டர். அடுத்த வியாழக்கிழமையும் வாங்க. காபிக்கு."

"காபியும் போடறீங்களா இங்க?"

"போடறது இங்க, குடிக்கறது மேல."

பெர்பெக்தா மோவாயால் கூரையைக் காட்டினாள். கடைக்கு மேலேதான் அவள் வீடு. ஐந்து மாதமாக மகளின் வீட்டுக் கீழ்த்தள அறையில் படுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தவள், இப்போது கேட்கக்கூட இல்லை, அழைப்பே கொடுத்துவிட்டாள்.

"அடுத்த வாரம் என் கட்டில்ல படுப்பேன். என் ஜன்னல்லேர்ந்து தெருவைப் பாப்பேன். கீழ காபி போட்டு நானே எடுத்துட்டு மேல வருவேன். யாரும் பிடிக்கக்கூடாது, விழக்கூடாது, சுட்டுக்கக்கூடாது. அதானே உங்க கணக்கு?"

டாக்டர் ஃபைலை மூடினார். "ஒரு வாரம் போதுமா?" என்று மாரிவிக்கைப் பார்த்துக் கேட்டார்.

மாரிவிக் கடையின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். செங்குத்தான மரப்படிகள். குறுகல், இரண்டு பேர் சேர்ந்து ஏற முடியாது. கைப்பிடி ஒரு பக்கம்தான் இருந்தது, அதுவும் ஏறும்போது இடது பக்கம். இறுகினால் விடாத கையின் பக்கம்.

"படின்னா கால் வேலை. அது..." என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் லீசல் புருவத்தைத் தூக்கிக் காத்திருந்தாள். கடையே காத்திருந்தது.

"அது நமக்கு ரொம்ப கஷ்டம் லீசல்" என்று முடித்தாள் மாரிவிக்.

லீசல் அதற்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாமியாரைப் போலத் தன் இடது கையை மட்டும் கைப்பிடியில் வைத்து, வலது கையில் காபிக்குப் பதிலாகக் காலிக் கெட்டிலோடு, முதல் படியில் ஏறி நின்றிருந்தாள்.

"மனாங், பின்னால வந்து என் இடுப்பைப் பாருங்க" என்றாள். "ரெண்டு கையும் தீர்ந்துபோச்சு, கோலை எங்க வெக்கறது?"